வால்வு ஸ்பிரிங்குக்கு எவ்வளவு பலம் போதும்?

கம்பெனி கேம்ஷாஃப்டை எடுத்துவிட்டு இன்ஜினில் வேறொன்றைப் போடும்போது உடனே எழும் கேள்வி வால்வு ஸ்பிரிங்கைப் பற்றியது. பழைய ஸ்பிரிங் தாங்குமா, புதிது போட வேண்டுமா, போட்டால் எவ்வளவு டென்ஷன்? கோவை உக்கடத்தின் உதிரிபாகக் கடைகள் தொடங்கி, ஆத்துப்பாலம், போத்தனூர் தாண்டிச் செட்டிபாளையம் பந்தயத் தடம் வரை, இன்ஜின் வேலை நடக்கும் எந்த இடத்திலும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று கிடைக்கக்கூடிய பதில் ஒன்றுதான்: கேம் பெரிதானால் ஸ்பிரிங்கும் கெட்டியாக வேண்டும், சந்தேகமிருந்தால் இன்னும் கெட்டியாகப் போட்டுவிடு. உலகெங்கும் மெக்கானிக்குகள் வழிவழியாகச் சொல்லி வரும் பதில் இது. இதன் முதல் பாதி அரை உண்மை, இரண்டாம் பாதி முழுத் தவறு. வால்வு எவ்வளவு விரைவாகத் திசை திரும்ப வேண்டியிருக்கிறது, அதோடு சேர்ந்து அசையும் பாகங்களின் எடை என்ன, இன்ஜின் எத்தனை சுற்றுவரை போகப்போகிறது ஆகிய மூன்றும்தான் ஸ்பிரிங்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றும் கேட்கும் அழுத்தத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் அளந்து வைத்த ஒரு சிறு உபரியைச் சேர்த்தால் போதும். அதைத் தாண்டி ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் இன்ஜினின் ஆயுளைத் தின்னத் தொடங்குகிறது.

இந்தக் கணக்குக்குக் கோவையில் தனி முக்கியத்துவம் உண்டு. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி 800இன் மூன்று சிலிண்டர் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார்களில் பழகியவர்களுள் ஒருவர்தான் பின்னாளில், 2005இல், இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்டது. தேசிய சாம்பியன்ஷிப் பந்தயங்கள், கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டி, 2021இல் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650 கோப்பை எல்லாம் அந்தத் தடத்தில் நடந்திருக்கின்றன. ஆனால் பைக் வேலையில் நம் ஊர்க் கைத்திறனின் பெரும்பகுதி வளர்ந்தது வேறொரு காலத்தில். 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் கேமும் இல்லை, வால்வு ஸ்பிரிங்கும் இல்லை. சிலிண்டரின் போர்ட்டை அராவுவதிலும் சைலன்சரின் வடிவத்தை மாற்றுவதிலும்தான் அந்த இன்ஜின்களின் வேகம் ஒளிந்திருந்தது. கண்ணும் கையும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. புகை விதிகள் இறுகி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் களத்தைப் பிடித்த பிறகு, கண்ணுக்குப் புலப்படாத ஒரு விசையைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. அதை ஊகத்தால் செய்ய முடியாது.

முதலில் ஸ்பிரிங் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். வால்வு திறக்கத் தொடங்கும் முதல் கட்டத்தில் கேமின் மேடான பகுதியாகிய லோபின் பக்கச் சரிவு வால்வைத் தள்ளி வேகமெடுக்க வைக்கிறது. அப்போது ஸ்பிரிங் வெறும் சுமைதான்; உழைப்பெல்லாம் கேமுடையது. ஏறத்தாழப் பாதித் தூரம் திறந்த பிறகு நிலைமை மாறுகிறது. விரைந்து போய்க்கொண்டிருக்கும் வால்வை இப்போது மெல்ல மெல்ல நிறுத்தி, லோபின் உச்சியில் திசை திருப்பி, மூடும் பக்கமாக அனுப்ப வேண்டும். கேமால் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. எனவே இந்த இரண்டாம் கட்டத்தின் முழுப் பொறுப்பும் ஸ்பிரிங்கின் தலையில் விழுகிறது. வேகத்தடைமேல் மெதுவாக ஏறும் பைக்கின் டயர் சாலையை விட்டு விலகாது. அதே பைக் வேகமாக வந்து ஏறினால் உச்சியைத் தாண்டியதும் டயர் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். ஸ்பிரிங்கின் பலம் போதாதபோது கேமுக்கும் டேப்பெட்டுக்கும் இடையில் நடப்பது இதுவே. வால்வு ஃப்ளோட் என்று இதைச் சொல்வார்கள். பிடியை விட்ட வால்வு, கேம் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு மூடாமல் தாமதமாக வந்து, சீட்டின்மேல் சம்மட்டி அடியாக விழுகிறது. விழுந்த வேகத்தில் துள்ளி மீண்டும் திறக்கிறது. சிலிண்டரில் அடைபட்டிருக்க வேண்டிய காற்று கசிகிறது, சக்தி சட்டென்று விழுகிறது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி குறைவான இன்ஜினாக இருந்தால் இரண்டும் மோதி, ஹெட்டைக் கழற்றும் வேலையில் போய் முடிகிறது.

இந்தக் கட்டத்தில் ஸ்பிரிங் எவ்வளவு விசை கொடுக்க வேண்டும் என்பதை நியூட்டனின் இரண்டாம் விதியை வைத்தே கணக்கிடலாம். அசையும் எடையை, வால்வு வேகம் குறைய வேண்டிய வீதத்தால் பெருக்கினால் விசை கிடைத்துவிடும். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வால்வின் ஏற்ற இறக்கம் சைன் அலை வடிவில் இருப்பதாகவும், அசையும் எடை 120 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். கம்பெனி கேம் வால்வைத் திறக்கும் உயரம், அதாவது லிஃப்ட், 8 மி.மீ.; திறந்து வைத்திருக்கும் காலம், அதாவது ட்யூரேஷன், கிராங்க் கணக்கில் 240 டிகிரி. 6000 ஆர்.பி.எம். வேகத்தில் லோப் உச்சியில் வால்வு அனுபவிக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 360 மடங்குக்கு மேல். அதைக் கட்டிப் பிடிக்க ஏறத்தாழ 43 கிலோ வேண்டும். இப்போது 9 மி.மீ. லிஃப்ட், 280 டிகிரி ட்யூரேஷன் கொண்ட பெரிய கேமைப் போடுவோம். அதே 6000 ஆர்.பி.எம்.இல் தேவை 36 கிலோதான். லிஃப்ட் கூடியும் தேவை குறைந்ததற்குக் காரணம், அந்த உயரத்தை ஏறி இறங்க வால்வுக்குக் கூடுதல் நேரம் கிடைத்திருப்பது. மாறாக, ட்யூரேஷனை 240 டிகிரியிலேயே வைத்துக்கொண்டு லிஃப்டை மட்டும் 10 மி.மீ. ஆக்கினால் தேவை 54 கிலோவாக ஏறிவிடுகிறது. பெரிய கேம் என்று பொதுவாகச் சொல்லப்படும் இரண்டில் ஒன்று கம்பெனி கேமைவிடக் குறைவாகக் கேட்கிறது, இன்னொன்று கால் பங்கு கூடுதலாகக் கேட்கிறது. கேமின் அளவைப் பார்த்து ஸ்பிரிங்கை முடிவு செய்யலாகாது என்பதற்கு இந்த ஓர் ஒப்பீடே போதும்.

அப்படியானால் பெரிய கேம் போட்டவர்கள் கம்பெனி ஸ்பிரிங்கோடு ஓட்டி ஃப்ளோட் வந்து அவதிப்படுவது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீண்ட ட்யூரேஷன் கேம் கீழ்ச் சுற்றுகளில் இழுவையைக் குறைத்து மேல்சுற்றுகளில் சக்தியைக் கூட்டுகிறது. அதைப் போட்டவர் இன்ஜினை முன்பைவிட உயரச் சுற்றவே செய்வார். தேவைப்படும் விசை சுற்றுவேகத்தின் இருமடியாக ஏறுகிறது. மேலே சொன்ன 280 டிகிரி கேமுக்கு 6000இல் 36 கிலோ போதுமென்றால், 7500இல் 56 கிலோ வேண்டும். 9000இல் 81 கிலோ. ஆக, சிக்கலைக் கொண்டுவந்தது கேம் திறந்துவிட்ட கூடுதல் சுற்றுவேகம். பழைய நம்பிக்கையின் முதல் பாதியில் இருக்கும் அரை உண்மையும் இதுதான். ஆகவே ஸ்பிரிங் வாங்கப் போகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது தன் இன்ஜின் எட்டப்போகும் உச்சச் சுற்று. கார்புரேட்டரும் போர்ட்டும் 7000க்கு மேல் காற்றே தராத இன்ஜினுக்கு 9000க்கான ஸ்பிரிங் போடுவதால் வால்வு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாகக் கட்டுப்படப் போவதில்லை.

இந்தக் கணக்கில் சைன் அலை என்று எடுத்துக்கொண்டது எளிமைக்காக. உண்மையான பந்தயக் கேம்களின் லோபில், பக்கச் சரிவில் முடுக்கம் மிகக் கடுமையாகவும், உச்சியை ஒட்டிய பகுதியில் மென்மையாக, ஆனால் நீண்ட நேரமும் இருக்கும்படி வடிவமைப்பார்கள். ஸ்பிரிங்மேல் விழும் சுமை அதனால் குறையும். ஒரே லிஃப்ட், ஒரே ட்யூரேஷன் உள்ள இரண்டு கேம்கள் இரண்டு வேறு ஸ்பிரிங்குகளைக் கேட்பது இதனால்தான். நல்ல கேம் தயாரிப்பாளர் டிகிரிக்கு டிகிரி லிஃப்ட் எவ்வளவு என்ற அட்டவணையைத் தருவார். தராவிட்டாலும், டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்துப் பட்டறையிலேயே எடுக்கலாம். அந்த எண்களின் வித்தியாசத்தையும், பிறகு அந்த வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் கண்டால் முடுக்கம் தெரிந்துவிடும். கையால் எடுத்த அளவில் சிறு பிழைகள் பெருகித் தெரியும் என்பதால் எண்களைச் சற்றுச் சீராக்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு சாதாரணக் கணக்குத் தாளே போதும்.

இரண்டாவது காரணி எடை. கெட்டி ஸ்பிரிங்மேல் உள்ள நம்பிக்கையில் பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். வால்வு, அதன் மேல்மூடி, லாக், டேப்பெட், ஸ்பிரிங்கின் சொந்த எடையில் மூன்றில் ஒரு பங்கு ஆகியவை சேர்ந்ததே அசையும் எடை. 120 கிராமில் 20 கிராமைக் குறைத்தால், 7500 ஆர்.பி.எம்.இல் தேவை 56 கிலோவிலிருந்து 47 கிலோவாக இறங்கிவிடும். ஒன்பது கிலோ கூடுதல் ஸ்பிரிங் தரும் பலனை, எந்தத் தேய்மானமும் இல்லாமல் எடைக் குறைப்பு கொடுத்துவிடுகிறது. அம்பாசடர், பழைய ஃபியட், புல்லட் போன்ற புஷ்ராடு இன்ஜின்களில் கணக்கு இன்னும் ஒரு படி நீள்கிறது. கேம் பக்கம் அசையும் டேப்பெட்டும் புஷ்ராடும் ராக்கரின் நெம்பு விகிதத்தின் இருமடியால் வகுபட்டு வால்வுக்குத் தெரியும். விகிதம் 1.5 என்றால் அங்குள்ள 90 கிராம் வால்வுப் பக்கம் 40 கிராமாகிறது. எனவே இத்தகைய இன்ஜினில் எடை குறைக்கத் தொடங்க வேண்டிய இடம் வால்வுப் பக்கம். புஷ்ராடில் எடையைவிட வளையாத விறைப்பே முக்கியம். மெல்லிய புஷ்ராடு லோபின் சரிவில் வில்லாக வளைந்து சக்தியைச் சேமித்து, உச்சிக்கு வரும்போது நிமிர்ந்து வால்வை எறிந்துவிடுகிறது. அங்கே ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் புஷ்ராடு இன்னும் வளையும். நோயே மருந்தால் வளரும்.

உச்சி அழுத்தத்தோடு கவனிக்க வேண்டிய இன்னொன்று, வால்வு மூடியிருக்கும்போது உள்ள சீட் அழுத்தம். மூடிய வால்வு துள்ளாமல் இருப்பதும், சீட்டோடு ஒட்டி வெப்பத்தை ஹெட்டுக்குக் கடத்துவதும் அதன் வேலை. டர்போ பொருத்திய இன்ஜினில் இதற்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. 30 மி.மீ. விட்டமுள்ள இன்லெட் வால்வின் பின்பக்கப் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் டர்போ அழுத்தம் கொடுத்தால், 7 கிலோ விசை வால்வைத் திறக்கப் பார்க்கிறது. அந்த 7 கிலோவைச் சீட் அழுத்தத்தோடு சேர்த்தே ஆக வேண்டும். இங்கே கெட்டி ஸ்பிரிங் நியாயமானது. எங்கே எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது இப்படிக் காரணத்தோடு வெளிப்படும்போது, கூட்டுவதில் தவறேதும் இல்லை.

இனி, தேவைக்கு மேல் கூட்டினால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கலாம். பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, லோபின் உச்சி அதிகம் அடிவாங்குவது மெதுவான ஓட்டத்தில்தான். உச்சச் சுற்றில் வால்வின் நிலைமம் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. லோப் உச்சிமேல் மிச்சம் விழுவது கொஞ்சமே. 7500இல் 56 கிலோ கேட்கும் அதே வால்வு, 1000 ஆர்.பி.எம்.இல் கேட்பது 1 கிலோதான். உச்சியில் 64 கிலோ தரும் ஸ்பிரிங் என்றால் மீதி 63 கிலோவும் ஐட்லிங்கில் நேராக லோபின் மூக்கில் இறங்கும். அந்த வேகத்தில் கேமுக்கும் டேப்பெட்டுக்கும் இடையே எண்ணெய்ப் படலமும் மெல்லியது, எண்ணெய் வரத்தும் குறைவு. உருளும் ரோலர் இல்லாத, வழுக்கும் தட்டை டேப்பெட் கொண்ட இன்ஜினில் புதுக் கேம் முதல் அரைமணி நேரத்திலேயே தேய்ந்து போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதனால்தான் புதுக் கேமைப் பழக்கும்போது ஐட்லிங்கில் விடாமல் 2000 ஆர்.பி.எம்.க்கு மேலேயே வைத்து ஓட்டச் சொல்கிறார்கள். இரட்டை ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பழக்கச் சொல்கிறார்கள். 64 கிலோ போதுமான இடத்தில் 90 கிலோ போட்டால், தொடுமிடத்தில் உலோகம் தாங்க வேண்டிய தகைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. செட்டிபாளையத்தில் சில சுற்றுகள் ஓடி நிற்கும் பந்தய வண்டிக்கு அது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கலாம். டவுன்ஹால், உக்கடம் நெரிசலில் ஐட்லிங்கிலேயே நாளின் பாதியைக் கழிக்கும் வண்டிக்கு அது மெல்லக் கொல்லும் விஷம்.

கூடுதல் ஸ்பிரிங் சக்தியைத் தின்கிறது என்று சிலர் கூறும் காரணத்தை மட்டும் நான் இதோடு சேர்க்கமாட்டேன். ஸ்பிரிங்கை அமுக்கச் செலவான சக்தியின் பெரும்பகுதி, வால்வு மூடும் பக்கத்தில் கேமைத் தள்ளித் திரும்பக் கிடைத்துவிடுகிறது. உண்மையான இழப்பு உராய்வில் மட்டுமே. கெட்டி ஸ்பிரிங்கை எதிர்க்கச் சரியான காரணங்கள் இருக்கும்போது, பலவீனமான காரணத்தை முன்னால் நிறுத்தத் தேவையில்லை.

தேர்ந்தெடுத்த ஸ்பிரிங் எந்த உயரத்தில் பொருத்தப்படுகிறது என்பதை அளக்காவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். பெட்டியில் எழுதியிருக்கும் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மட்டுமே உரியது. உதாரணமாக, 36 மி.மீ. உயரத்தில் 25 கிலோ தரும், மில்லிமீட்டருக்கு 3 கிலோ கூடும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9 மி.மீ. லிஃப்டில் உச்சி அழுத்தம் 52 கிலோ. சீட்டைக் கட்டிங் போட்டு வால்வு ஒரு மில்லிமீட்டர் மேலேறி உட்கார்ந்திருந்தால், இரண்டு அழுத்தமும் மூன்று கிலோ குறைந்துவிடும். அதைச் சரிசெய்ய அடியில் ஒரு மில்லிமீட்டர் ஷிம் வைப்பது வழக்கம், வைக்க வேண்டியதும்தான். ஆனால் டென்ஷனைக் கூட்டும் ஆசையில் ஷிம்மை அடுக்கிக்கொண்டே போவது ஆபத்து. இதே ஸ்பிரிங் 25 மி.மீ.இல் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திடக்கட்டையாகிவிடும் என்று கொள்வோம். 36இல் பொருத்தி 9 மி.மீ. திறக்கும்போது மிச்சம் 2 மி.மீ. இருக்கிறது, பொருத்திய உயரத்தை ஒரு மில்லிமீட்டர் சுருக்கினால் மிச்சம் பாதியாகிவிடும், இரண்டு சுருக்கினால் ஒன்றுமே மிஞ்சாது. சுருள் ஒட்டிய ஸ்பிரிங்கின்மேல் கேம் தள்ளும்போது ஏதாவது ஒன்று உடைந்தே தீரும்: புஷ்ராடு, ராக்கர், அல்லது லோபே. பெரிய கேம் போடும்போது மேல்மூடி வால்வு கைடின்மேல் உள்ள ஆயில் சீலில் இடிக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிட வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு அதன் சொந்த அதிர்வும் உண்டு. வால்வு ஸ்பிரிங்கின் இயல்பான அதிர்வெண் பொதுவாக விநாடிக்குச் சில நூறு. நம் உதாரண ஸ்பிரிங் 40 கிராம் எடை என்றால் 430 அளவில் வரும். 6000 ஆர்.பி.எம்.இல் கேம் விநாடிக்கு 50 முறை சுற்றுகிறது. கேமின் அசைவுக்குள் பொதிந்திருக்கும் எட்டாம், ஒன்பதாம் மடங்கு அதிர்வுகள் அந்த 430ஐத் தொட்டுவிடும்போது, சுருள்களுக்குள் அலை எழுந்து முன்னும் பின்னும் ஓடத் தொடங்குகிறது. அப்போது எழுத்தில் 64 கிலோ உள்ள ஸ்பிரிங், வால்வைத் தாங்க வேண்டிய கணத்தில் அதைவிடக் குறைவாகவே தரும். கம்பியைத் தடிமனாக்கிக் கெட்டியாக்கினால் ஸ்பிரிங்கின் எடையும் கூடுவதால் அதிர்வெண் எதிர்பார்த்த அளவுக்கு ஏறுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக உரசி அலையை அடக்கும் இரட்டை ஸ்பிரிங், மேலே குறுகி எடையைக் குறைக்கும் தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங் ஆகியவை இந்தச் சிக்கலுக்கான விடைகள். வடிவம் செய்யும் வேலையைக் கிலோவால் செய்ய முடியாது. இந்த எல்லையை முட்டியபோதுதான் உலகின் பெரிய பந்தய அணிகள் ஸ்பிரிங்கையே கைவிட்டன. 1954இல் மெர்சிடிஸ் தன் டபிள்யூ196 காரில் வால்வை மூடவும் தனிக் கேம் வைத்தது. இத்தாலியில் டுகாட்டி அதே வழியில் சென்று இன்றுவரை அதைத் தொடர்கிறது. 1986இல் ரெனோ ஃபார்முலா 1 இன்ஜினில் சுருளுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்றை வைத்தது. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் விடையாக இருந்திருந்தால் இவர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை.

எதிர்வாதங்களில் வலிமையானது அனுபவத்தின் குரல். கெட்டி ஸ்பிரிங் போட்டேன், ஃப்ளோட் நின்றது, எதுவும் உடையவில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அனுபவம் நிரூபிப்பது பழைய அழுத்தம் போதவில்லை என்பதை மட்டுமே. புதிய அழுத்தம் சரியானது என்பதை அது நிரூபிப்பதில்லை. ஐந்து கிலோ கூட்டினால் தீர்ந்திருக்கும் சிக்கலை இருபத்தைந்து கிலோ கூட்டியும் தீர்க்கலாம். வித்தியாசம் தெரியவருவது கேமைக் கழற்றி லோபைப் பார்க்கும் நாளில்தான். மேலும், மேல்சுற்றில் இன்ஜின் திணறுவதெல்லாம் வால்வு ஃப்ளோட் என்று சொல்லிவிட முடியாது. இக்னிஷன் கோளாறும் பெட்ரோல் போதாமையும் அதே அறிகுறியைக் காட்டும். ஷிம் வைத்து அழுத்தத்தைச் சிறிது கூட்டிப் பார்த்தால் பிரித்தறியலாம்: திணறல் தொடங்கும் சுற்று மேலே நகர்ந்தால் காரணம் ஸ்பிரிங், இருந்த இடத்திலேயே இருந்தால் வேறெங்கோ தேட வேண்டும்.

பாதுகாப்பு உபரி வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. கண்டிப்பாக வேண்டும். கியர் மாற்றத்தில் கை தவறலாம், புது ஸ்பிரிங் முதல் சில ஓட்டங்களின் வெப்பத்தில் சற்றுத் தளர்ந்து போகலாம். ஆனால் உபரியையும் அளவாகத்தான் வைக்க வேண்டும். உச்சச் சுற்று 7500 என்றால் 8000க்குக் கணக்கிடலாம். அது விசையில் 14 சதவீதம் கூட்டி 56 கிலோவை 64 ஆக்குகிறது. தவறான கீழ்க் கியரில் விழுந்து இன்ஜின் 9000ஐத் தாண்டும் விபத்துக்காக 81 கிலோ போடுவது, என்றோ ஒருநாள் நேரக்கூடிய விபத்துக்காக எல்லா நாளும் கேமைத் தேய்ப்பதாகும். கெட்டியான ஸ்பிரிங் உலோகத்தின் எல்லைக்கு அருகே வேலை செய்வதால் தானே விரைவில் தளரும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கேம் தயாரிப்பாளரே அழுத்தத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: அந்த எண் நல்ல தொடக்கம், அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது அவர் எண்ணிய வால்வு எடைக்கும் அவர் எண்ணிய சுற்றுக்கும் உரியது. நம் ஹெட்டில் இருப்பது வேறாக இருந்தால் எண்ணும் வேறாகத்தான் இருக்கும்.

அளக்கக் கருவி எங்கே, செலவு யார் கொடுப்பது என்ற கேள்வி நடைமுறையில் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஸ்பிரிங் டெஸ்டர் இல்லாத பட்டறையில்கூட டிரில்லிங் மெஷினும் எடைத்தராசும் வெர்னியரும் இருக்கும். தராசின்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, டிரில்லிங் மெஷினின் தண்டால் பொருத்தும் உயரம் வரை அமுக்கி எடையைப் படித்தால் சீட் அழுத்தம்; லிஃப்ட் அளவுக்கு இன்னும் அமுக்கிப் படித்தால் உச்சி அழுத்தம். நான்கு சிலிண்டரின் ஸ்பிரிங்குகளையும் இப்படி அளந்து ஒரு தாளில் குறிக்க ஒரு மணி நேரம் ஆகாது. பழைய இரும்பில் வாங்கிய ஸ்பிரிங்குக்கும் இதே சோதனை போதும். தனியே நிற்கும்போது ஸ்பிரிங்கின் நீளம் சரியாக இருப்பதை வைத்து அதை நம்பிவிடக் கூடாது. பொருத்தும் உயரத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்பதுதான் அதன் மதிப்பு. சாலையில் ஓடும் வண்டியில் இத்தகைய மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரம்பு வைத்திருக்கிறது என்பதால், இந்த வேலையின் உரிய இடம் பந்தயத் தடமும் சோதனைக் கூடமும்தான்.

சோதனைக் கூடம் என்பதை வெறும் ஆசையாகச் சொல்லவில்லை. அமெரிக்கப் பந்தய உலகில் ஸ்பின்ட்ரான் என்றொரு கருவி புழங்குகிறது. இன்ஜினில் பெட்ரோல் எரியாது. மின்மோட்டார் அதைச் சுழற்றும். வால்வின் அசைவை லேசர் பதிவு செய்யும். எந்தச் சுற்றில் வால்வு கேமைவிட்டு விலகுகிறது, மூடும்போது எவ்வளவு துள்ளுகிறது என்பதெல்லாம் கோடுகளாகத் திரையில் தெரியும். அதன் எளிய வடிவத்தைச் செய்யத் தேவையான மோட்டார், வேகக் கட்டுப்பாடு, வார்ப்பு, லேத் வேலை எல்லாம் பம்பும் மோட்டாரும் செய்து பேர் வாங்கிய கோவையிலேயே கிடைக்கும். பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் ஒரு ஹெட்டை மட்டும் எடுத்து, மோட்டாரோடு இணைத்து, வால்வின் அசைவைப் பதிவு செய்யும் ஓர் எளிய அமைப்பைத் தங்கள் திட்டப் பணியாகச் செய்துவிட முடியும். பட்டறைகள் தங்கள் ஹெட்டைக் கொண்டுவந்து ஒருநாள் சுழற்றிப் பார்த்துப் போகலாம். அப்போது ஸ்பிரிங் கெட்டியா மெலிதா என்ற வாக்குவாதம் முடிந்து, இந்த ஹெட்டுக்கு இந்தக் கேமோடு இத்தனை சுற்றுவரை இத்தனை கிலோ என்ற பதில் எழுத்தில் கிடைக்கும். பெட்ரோல் இன்ஜினை மாருதி 800இலிருந்து எடுத்துப் பந்தயக் காராக்கிக் காட்டிய ஊர், அந்த ஒற்றை எண்ணை ஊகத்துக்கு விட்டுவைக்க வேண்டிய அவசியமில்லை.